பிளாட் பளிச்சென்று வர அக்காவின் 7 டிப்ஸ்

தங்கச்சி, மேட்பிளாட்லிப் இருக்கும்போது சீபார்ன் எதற்கு என்று கேட்டாயே! மேட்பிளாட்லிப், நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் உருவாக்கி 2003-ல் வெளியிட்ட பைதான் வரைபட லைப்ரரி. அதில் எதையும் வரையலாம். ஆனால் நிறம், லெஜண்ட், சராசரி என்று ஒவ்வொன்றையும் நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும். மைக்கேல் வாஸ்கம் எழுதிய சீபார்ன் அதன் மேல் அமைந்த கூடுதல் லைப்ரரி. எது எந்த அச்சில், எதை வைத்து நிறம் பிரிப்பது என்று சொன்னாலே போதும். மிச்சமாகும் நேரத்தில் டேட்டாவை உற்றுப் பார்.

1. முதலில் டேபிளைச் சரிசெய். ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை. எக்செல்லில் மாதங்களைப் பக்கவாட்டில் பரப்பி வைத்திருந்தால், பாண்டாஸ் லைப்ரரியின் 'மெல்ட்' கொண்டு நீளவாக்கில் மாற்று. இது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. ஆரம்பத்திலேயே 'செட்_தீம்' கொடு. அதில் கான்டெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு: பேப்பர், நோட்புக், டாக், போஸ்டர். செமினாருக்கு 'டாக்' வைத்தால் எழுத்தும் கோடும் சேர்ந்தே பெரிதாகும். கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

3. எதை வைத்து நிறம் பிரிப்பது என்று சொல்லும் 'ஹியூ'வைக் கட்டாயம் பழகு. அன்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்துப் பென்குயின் டேட்டா சீபார்னிலேயே எடுக்கக் கிடைக்கும். 344 பறவைகள், மூன்று இனங்கள். அலகின் நீளத்தையும் தடிமனையும் மொத்தமாகப் போட்டு ஒரு கோடு இழுத்துப் பார்; நீளம் கூடக் கூடத் தடிமன் குறைவதாகக் காட்டும். இப்போது புள்ளிகளோடு கோடும் வரையும் 'எல்எம்பிளாட்'டில் ஹியூவுக்கு இனத்தைக் கொடு. மூன்று கோடுகள் வரும், மூன்றும் மேல்நோக்கி ஏறும்! இனம் பிரிக்காமல் ரிப்போர்ட் எழுதியிருந்தால் முடிவே தலைகீழ்.

4. 'ஜெட்' வண்ணத்தை விட்டுவிடு. நடுவில் மஞ்சளும் நீலப்பச்சையும் தூக்கலாகத் தெரிவதால், டேட்டாவில் இல்லாத எல்லைகள் இருப்பதுபோல் கண்ணுக்குப் படும். மேட்பிளாட்லிப்பே 2017-ல் வந்த 2.0 பதிப்பில் அதைக் கைவிட்டு 'விரிடிஸ்'க்கு மாறியது. குழுக்களைப் பிரித்துக் காட்ட 'கலர்பிளைண்ட்' பேலட் வை. நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் புரியும்.

5. வெறும் பார் சார்ட் போடாதே. ஐந்து சாம்பிளா ஐம்பதா என்பதை அந்தப் பட்டை சொல்லாது. 'பாக்ஸ்பிளாட்' போட்டு, அதன் மேல் 'ஸ்ட்ரிப்பிளாட்'டால் புள்ளிகளைத் தூவு. பாக்ஸ்பிளாட்டில் 'ஷோஃப்ளையர்ஸ்'ஐ ஃபால்ஸ் ஆக்க மறக்காதே; இல்லாவிட்டால் ஒதுங்கி நிற்கும் புள்ளிகள் இரண்டு முறை விழும்.

6. எரர் பார் எதைக் காட்டுகிறது என்று கேப்ஷனில் எழுது. சொல்லாமல் விட்டால் 'லைன்பிளாட்'டும் 'பார்பிளாட்'டும் சராசரிக்கான 95% நம்பிக்கை இடைவெளியைத்தான் போடும். அளவீடுகளின் சிதறலைக் காட்ட சீபார்ன் 0.12 முதலான பதிப்புகளில் 'எரர்பார்' என்ற இடத்தில் 'எஸ்டி' (திட்ட விலக்கம்) கொடு. இரண்டும் வேறு வேறு. படிப்பவரை ஊகிக்க விடக்கூடாது.

7. அச்சில் ஏறப்போகும் அளவிலேயே வரை. வேர்டில் இழுத்துச் சுருக்கினால் எழுத்து படிக்கமுடியாமல் போகும். 'ரெல்பிளாட்', 'கேட்பிளாட்' இரண்டுக்கும் அளவை 'ஹைட்', 'ஆஸ்பெக்ட்' வழியாகக் கொடு. அச்சுப் பெயரோடு அலகையும் எழுது: மி.மீ., கிராம், எதுவானாலும். பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, பி.என்.ஜி.தான் வேண்டுமென்றால் 300 டி.பி.ஐ. வை.

படத்தோடு அதை வரைந்த ஸ்கிரிப்டையும் டேட்டாவையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிடு. கைடோ ரிவ்யூவரோ ஒரு திருத்தம் கேட்டால், ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும்.