கிளீனர் வேலையிலிருந்து ஓட்டுநர் ஆசனம் வரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல் விளையும். நிறையாத ஆண்டில் பருத்தியும் மிளகாயுமே கதி. மழை பொய்க்குங் காலத்தில் நம் இளைஞர் பலர் கரிமூட்டை லாரியிலோ நூல் லாரியிலோ கிளீனராக ஏறி, மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் பிழைப்பைத் தேடுகின்றனர். லாரி ஓட்டுவது மதிப்புள்ள தொழிலே. ஆயினும் அதனுள் நுழையும் முறையான வழியை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

ஒரு நாள் திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். "ஐயா, என் மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்து ஆறு மாதமாகிறது. லாரியில் கிளீனராகப் போகிறான். ராத்திரி நேரத்தில் டிரைவர் அவனிடமே வண்டியைக் கொடுத்துவிடுகிறார். நன்றாகவே ஓட்டுகிறானாம். லைசென்ஸ் ஒன்றுதான் குறை" என்றார். அந்த ஒரு குறை எவ்வளவு பெரியது என்பதை அவருக்குச் சொன்னவாறே இங்கும் கூற விரும்புகிறேன்.

உரிமம் பெறும் படிகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பியவர் கார் போன்ற இலகுரக வாகனத்திற்கு உரிமம் பெறலாம். முதலில் எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் பெற்று, குறைந்தது 30 நாள் கழித்தே ஓட்டுத் தேர்வுக்குச் செல்ல வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே, போக்குவரத்து வாகனத்திற்கான எல்.எல்.ஆர். கிடைக்கும். அவ்வாகனத்தை ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவரின் சான்றும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் தேவை.

எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனவே, படிப்பை இடையில் நிறுத்தியவரும் தயங்க வேண்டியதில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம் அளிக்கப்படுகிறது.

வாகனமும் சரக்கும் சேர்ந்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சிறு லாரியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட லாரிக்கு இச்சலுகை இல்லை.

பட்டாசு போன்ற அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்வோர் அதற்கெனத் தனிப் பயிற்சியும் பெற வேண்டும். போக்குவரத்து உரிமம் 5 ஆண்டுகள் செல்லும். அபாயகரமான சரக்கிற்கானது 3 ஆண்டுகளே செல்லும். கெடு முடியுமுன் புதுப்பித்துக் கொள்வது அவசியம்.

உரிமம் இல்லையேல்

உரிமமின்றி ஓட்டுபவருக்கு ரூ.5,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் அதே தண்டனை உண்டு. இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுள்ளது. உரிமமில்லாதவரை உரிமையாளர் அறிந்தே ஓட்டவிட்டார் என்பது மெய்ப்பிக்கப்பட்டால், விபத்தில் பாதிக்கப்பட்டோருக்குக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த இழப்பீட்டை அவரிடமிருந்து வசூலிக்க இடமுண்டு. டிராக்டரோ சிறு லாரியோ வைத்திருக்கும் விவசாயப் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஓர் இரவின் அசட்டையால் பாட்டன் காலத்து நிலம் கைமாறக் கூடும். சாலையில் போன உயிரையோ எந்த இழப்பீடும் மீட்டுத் தராது.

பஞ்சாயத்தார் செய்யக் கூடியவை

லாரித் தொழிலுக்குச் செல்லும் இளைஞர் யார், அவரிடம் எவ்வகை உரிமம் உள்ளது என்று ஊர்தோறும் ஒரு பட்டியல் எடுக்கலாம். மேற்கூறிய படிகளைக் கிராம சபையில் வாசித்துக் காட்டலாம். கண் பரிசோதனை முகாம் நடக்கும்போது வண்டி ஓட்டுவோரை முதலில் அனுப்பலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது.

அந்த விவசாயி இறுதியில், "அப்படியானால் என் மகன் ஒன்றரை வருடம் வீணாகக் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டார். வீணாக அன்று. இப்போதே இலகுரக உரிமம் பெற்றால், 20 வயது நிரம்பும்போது ஓராண்டு அனுபவமும் நிறைந்திருக்கும். பருவம் பார்த்து விதைக்கும் நமக்குக் காத்திருத்தலின் பயன் புதிதன்று. அதுவரை கிளீனராகவே இருக்கட்டும், ஸ்டியரிங்கைத் தொடாதிருக்கட்டும்.