மூளையில் இரத்தக்கசிவும் உறைவூட்டும் மருந்துகளும்

சாரல் காலத்தில் சிற்றாற்றில் வெள்ளம் பெருகும்போது வாய்க்கால் கரை உடைவதுண்டு. ஊரார் மண்ணையும் தழையையும் கொட்டி உடைப்பை அடைப்பர். அம்மண் வாய்க்காலுக்குள்ளேயே சரிந்து ஓட்டத்தைத் தடுத்துவிட்டால் கடைமடை வயல்கள் காய்ந்துபோகும். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தவருக்கு உறைவூட்டும் மருந்து கொடுப்பதிலுள்ள சிக்கலும் இத்தகையதே.

பக்கவாதம் இருவகைப்படும். இரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது ஒன்று; குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருவது மற்றொன்று. முதல்வகையே மிகுதி, இரண்டாவதே கொடியது. கசிந்த இரத்தக்கட்டி முதல் சில மணி நேரத்தில் மேலும் பெருகக்கூடும். அதை மருந்தால் நிறுத்தலாகாதா என்பது இயல்பாக எழும் வினா.

இதற்கு இயற்கையே ஓர் எச்சரிக்கை தந்துள்ளது. நம் வயல்வெளிகளில் திரியும் கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறையச் செய்வது. 1934இல் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இரு ஆங்கிலேய மருத்துவர்கள் அதை நீர்க்கச் செய்து, குருதி உறையாமை நோயாளிகளின் காயத்தின் மேல் வைத்து இரத்தப்போக்கை நிறுத்தலாம் எனக் காட்டினர். ஆனால் அதே நஞ்சு கடியின் வழியே உடலுக்குள் புகுந்தால், உறைதற்குரிய பொருள்களையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பிறகு இரத்தம் உறைவதே இல்லை. காயத்தின் மேல் நன்மை செய்வது குருதியோட்டத்தில் கேடாகலாம் என்பது இதனால் விளங்கும்.

இனி, மருந்துகளைக் காண்போம். உறைதலைத் தூண்டும் ஏழாம் காரணியை 841 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருந்து பெறாதவர்களிடம் ஒரே நாளில் 26 விழுக்காடு பெருகிய இரத்தக்கட்டி, மிகுந்த அளவு பெற்றவர்களிடம் 11 விழுக்காடே பெருகியது. எனினும் இறப்போ ஊனமோ குறையவில்லை. மாறாக, தமனி அடைப்பு 4 விழுக்காட்டிலிருந்து 9 ஆக உயர்ந்தது. உடைப்பு அடைபட்டது, வாய்க்காலும் அடைபட்டது!

டிரானெக்சாமிக் அமிலம் வேறு வகை. அது உறைவை உண்டாக்குவதில்லை. உண்டான உறைவு கரையாமல் காக்கிறது. 1962இல் ஜப்பானிய அறிஞர் ஒகமோட்டோ தம்பதியர் இதை வெளியிட்டனர். 2018இல் வெளிவந்த ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 2,325 பேர் பங்குகொண்டனர். அடைப்பு நோய்கள் மிகவில்லை. முதல் வாரத்து இறப்பும் சிறிது குறைந்தது. ஆயினும் 90ஆம் நாளில் நோயாளிகளின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே தீங்கின்மை ஓரளவு உறுதியாயிற்று, பயன் உறுதியாகவில்லை.

ஆஸ்பிரின் போன்றவை உண்டுவந்தோருக்குத் தட்டணுக்கள் ஏற்றுவது நன்றெனத் தோன்றும். ஆனால் 190 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், தட்டணு பெற்றவர்கள் நிலையே மோசமாயிற்று. வார்ஃபரின் உண்பவர்க்கோ அதன் விளைவை மாற்றும் மருந்துகளை உடனே தருவது முறையாகும்.

பின் எதுதான் காக்கும்? இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,036 பேரிடம் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு விடை தருகிறது. இரத்த அழுத்தத்தை விரைந்து குறைத்தல், சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்தல், வார்ஃபரின் விளைவை மாற்றுதல் ஆகியவற்றை ஒருங்கே செய்தபோது நோயாளிகள் நலம் மேம்பட்டது.

நாம் செய்ய வேண்டுவன யாவை? முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் இது அடைப்பா கசிவா என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆகவே வீட்டில் ஆஸ்பிரினும் தரலாகாது. நாட்டு மருந்தும் புகட்டலாகாது. நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது நலம்.

கசிவுக்குத் தலையாய காரணம் இரத்தக் கொதிப்பு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதற்கான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வீட்டிலுள்ள பெரியோர் அதை நாள்தோறும் உண்கின்றனரா என்று பார்ப்பது மாணவராகிய நம் கடமை. உடைந்தபின் மண் கொட்டுவதினும் கரையைப் பேணுவதே அறிவுடைமை.