ஓட்டுக் கேட்டு வந்த நீதிபதி

அன்புள்ள பேத்திக்கு,

அமெரிக்காவில் நீதிபதிகள் தேர்தலில் நிற்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு, "ஓட்டுக் கேட்டு வந்தவர் எப்படித் தாத்தா நடுநிலையாக இருப்பார்?" என்று எழுதியிருக்கிறாய். பொதுவாகப் பதில் சொன்னால் உனக்கு நிறைவு வராது. அதனால் ஒருவரின் பணிவாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் வட கரோலினா மாநிலத்து செரி பீஸ்லி.

அதற்குமுன் கொஞ்சம் பின்னணி. அங்கே ஒன்றிய நீதிமன்றங்களின் நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புக்கொள்கிறது, பதவி ஆயுளுக்கும் உண்டு. தேர்தல் நடப்பது மாநில நீதிமன்றங்களுக்கு, அதுவும் எல்லா மாநிலங்களிலும் கிடையாது. 1832இல் மிசிசிப்பிதான் எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று முதலில் முடிவெடுத்தது. 1846இல் நியூயார்க்கும் தேர்தலுக்கு மாறியது, பிறகு பல மாநிலங்கள் அதே வழியில் போயின. ஆளுநருக்கும் (அங்கே அவர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர்) சட்டமன்றப் பெரிய தலைகளுக்கும் வேண்டியவர்களே நீதிபதி நாற்காலியில் உட்காருகிறார்கள் என்ற மக்களின் கோபம் அதற்குக் காரணம். நீதிமன்றத்தை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவிக்கத்தான் தேர்தலைக் கொண்டுவந்தார்கள். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன்.

பீஸ்லி தொடங்கியது ஃபயட்வில் நகரில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞராக. 1999இல் மாவட்ட நீதிமன்ற நீதிபதியானார். குடும்பத் தகராறு, சிறார் வழக்கு, சில்லறைக் குற்றங்கள் என்று மனிதர்களை நேருக்கு நேர் பார்க்கும் நீதிமன்றம் அது. 2008இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போட்டியிட்டு, பதவியில் இருந்தவரையே தோற்கடித்தார். ஆளுநர் அதே பதவிக்கு முன்னதாக நியமித்திருக்காமல், மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் ஒரு பதவிக்கு அங்கே வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஆளுநர் கைகாட்டாமலே அந்த நாற்காலிக்குப் போக அவருக்குத் தேர்தல் கதவைத் திறந்துவிட்டது. தேர்தல் முறையை ஒட்டுமொத்தமாகத் திட்டுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் உன் கேள்விக்கே பொருள் வரும். 1967இல் தொடங்கிய நீதிமன்றம் அது. 15 நீதிபதிகள். ஒவ்வொருவரையும் மாநிலத்தின் 100 கவுண்டிகளின் (நம் மாவட்டங்களைப் போன்றவை) வாக்காளர்களும் சேர்ந்து 8 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கைக் கேட்பது மூவர் அமர்வு. சாட்சிக் கூண்டு கிடையாது, ஜூரி கிடையாது, அழுதுகொண்டு நிற்கும் தாய் கிடையாது. கீழமை நீதிமன்றத்தின் கேஸ் கட்டும் இரு தரப்பின் எழுத்து வாதங்களும் மட்டும் மேசைக்கு வரும். பல வழக்குகளில் வாய்வாதமே இருக்காது. யார் சொன்னது உண்மை என்று புதிதாக ஆராய்வது இவர்கள் வேலை அன்று. கீழே சட்டத்தைச் சரியாகப் பிரயோகித்தார்களா, தவறு நடந்திருந்தால் அது முடிவையே மாற்றும் அளவுக்குப் பெரியதா என்று பார்ப்பார்கள். நாளெல்லாம் படிப்பு, எழுத்து, மற்ற இருவரோடு விவாதம். மூவரில் ஒருவர் மாறுபட்டு எழுதினாலே தோற்றவர் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு உரிமையோடு போகலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2023இல் சட்டமன்றம் அதை நீக்கிவிட்டது. தனியாக நின்று எழுதிய நீதிபதியின் பேனாவுக்கு இருந்த அந்த வலுவை எடுத்தது பெருந்தவறு என்றே நினைக்கிறேன்.

இப்படி நான்கு சுவருக்குள் படிக்கிறவர்தான் வாக்காளர் முன்னால் போய் நிற்க வேண்டும். என்ன சொல்லி ஓட்டுக் கேட்பார்? சாலை போடுகிறேன் என்று சொல்ல முடியாது. இன்ன வழக்கு வந்தால் இன்ன தீர்ப்புத் தருவேன் என்று வாக்குக் கொடுப்பது நடத்தை விதிக்கே விரோதம். சர்ச்சையான சட்டப் பிரச்சினைகளில் வேட்பாளர் தன் கருத்தைச் சொல்லலாம் என்று 2002இல் மின்னசோட்டா வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கருத்துக்கும் வாக்குறுதிக்கும் நடுவே இருக்கும் கோடு மிக மெல்லியது. அதில் கால் வழுக்காமல் நடப்பது பெரிய தவம்.

2008இல் பீஸ்லி நின்றபோது நிலைமை ஓரளவு நன்றாக இருந்தது. நீதிபதி வேட்பாளரின் கட்சி வாக்குச்சீட்டில் இருக்காது. நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்குப் பிரசாரச் செலவுக்குப் பொதுப்பணம் கிடைக்கும். 2013இல் அந்த நிதியை நிறுத்தினார்கள். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தேர்தலிலும், 2018இல் உச்ச நீதிமன்றத் தேர்தலிலும் கட்சிப் பெயர் திரும்ப வந்தது. நோய் பிடித்தது இங்கேதான். வாக்குச்சீட்டின் கடைசிப் பகுதியில் இருக்கும் நீதிபதியின் பெயர் பலருக்கு அறிமுகம் இல்லாதது. பக்கத்தில் கட்சி இருந்துவிட்டால் அதைப் பார்த்தே குத்திவிடுவார்கள். அவர் எழுதிய தீர்ப்பு ஒன்றைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

பீஸ்லிக்கு நேர்ந்ததும் அதுதான். 2012இல் ஆளுநர் அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். 2014இல் சில ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் மக்களிடம் வென்றார். 2019இல் தலைமை நீதிபதி ஆனார், அந்த மாநிலத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட சில நாட்களில், நீதிமன்றங்களிலும் இனப் பாகுபாடு இருக்கிறது என்று அந்த நாற்காலியிலிருந்தே வெளிப்படையாகப் பேசினார். 2020 நவம்பரில் சுமார் 54 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில் 401 வாக்குகளில் தோற்றார். மறுஎண்ணிக்கை கேட்டார், எண்ணிப் பார்த்தார்கள். டிசம்பரில் தோல்வியை ஏற்றுக்கொண்டு விலகினார்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார். 2024இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ஜெஃபர்சன் கிரிஃபின், உச்ச நீதிமன்ற இடத்துக்கு நின்று 734 வாக்குகளில் பின்தங்கினார். 65,000க்கும் மேற்பட்ட வாக்குகளை எதிர்த்து வழக்குப் போட்டார். அது அவருடைய சொந்த நீதிமன்றத்துக்கே வந்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார், சக நீதிபதிகள் மூவர் கேட்டு 2-1 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கடைசியில் ஒன்றிய நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, 2025 மே மாதம் தோல்வியை ஒப்புக்கொண்டார். கூடவே வேலை செய்யும் ஒருவரின் தேர்தலைச் சகாக்களே தீர்மானிக்கும் நிலைக்கு ஒரு நீதிமன்றத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று யோசித்துப் பார்.

உன் கேள்விக்கு என் பதில் இது: ஓட்டுக் கேட்டு வந்தவரும் நடுநிலையாக இருக்க முடியும். எட்டு ஆண்டுப் பதவிக்காலம் அதற்கு உதவும், பொதுப்பணம் உதவும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் உதவாது. ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பிவிடாதே. அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பீஸ்லி அங்கே இருந்த ஆண்டுகளில் எழுதிய ஒன்றை எடு. முடிவை முதலில் பார்க்காதே. தோற்றவரின் வாதத்தை அவர் எப்படி எடுத்துவைக்கிறார், அதன் வலுவைக் குறைக்காமல் சொல்கிறாரா என்று கவனி. பிறகு, எழுதியவர் எந்தக் கட்சி என்று அதைப் படித்தே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தாத்தா