சுபஹுக்கும் பாடசாலை மணிக்கும் நடுவில்



போன தவணையில் ஒரு நாள் பின்னேரம். ஒன்பதாம் தரம் படிக்கிற என்ட இரண்டாவது மகள் பையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “உம்மா, திங்கக்கிழமையில இருந்து ஆறரைக்கு ஸ்கூல்ல நிக்கணுமாம். அரை மணித்தியாலம் வாசிப்பு, பிறகு மைதானத்தில உடற்பயிற்சி, அதுக்குப் பிறகுதான் காலைக் கூட்டமாம்.”

அன்று இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் தூங்கவில்லை. கணவர் கட்டாரில் இருக்கிற ஒரு தாய், “இருட்டில ஆரு கூட்டிட்டுப் போற?” என்று கேட்டா. கடலுக்குப் போகிற ஒரு வாப்பா, “நான் கரைக்கு வாறதே ஆறரைக்குத்தான்” என்றார். இன்னொரு தாய்க்கு நல்ல சந்தோஷம்: “வீட்டில இருந்தா போனத்தான் நோண்டுறா, போகட்டும்.” சுபஹுக்குப் பிறகு ஓதப் போகிற பிள்ளை என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டார். மகன் வகுப்புக் கூட்டுவதே தனக்குப் பிடிக்கவில்லை என்று வேறொருவர் பழைய கோபத்தையும் சேர்த்து எழுதினார்.

இதில் பிழையாகப் பேசினவர் என்று யாரையும் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை பேரும் பேசி முடிய, பிள்ளை எத்தனை மணித்தியாலம் தூங்குது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் மகள் கண் இருண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள் என்று போன் வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலையின் கணக்கு ஏழரைக்குத் தொடங்குகிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் வீடுகளில் பிள்ளையின் கணக்கு சுபஹ் பாங்கோடு தொடங்குகிறது. தொழுது, சிலர் ஓதிவிட்டு வந்து, தம்பி தங்கச்சியை எழுப்பி, கிணற்றடியில் முகம் கழுவி வகுப்பில் போய் உட்காரும்போது நம்மட பிள்ளை எழும்பி இரண்டரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அதற்கு மேல் ஒரு மணித்தியாலத்தைப் பாடசாலை கேட்டால், அதை எங்கிருந்தோ எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். எடுக்கக்கூடிய ஒரே இடம் முதல் நாள் இரவு.

கணக்கைப் பாருங்கள். 13 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. ஐந்து மணிக்கு எழும்ப வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குப் படுத்தாலும் எட்டுத்தான் வரும். நம்ம வீட்டில் என்ன நடக்கிறது? டியூஷன் முடிந்து பிள்ளை வருவதே எட்டரை. சாப்பாடு ஒன்பதரை. பிறகு வீட்டு வேலை, பிறகு போன். பதினொன்றுக்குப் படுத்தால் ஆறு மணித்தியாலம். இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் உடம்பில் சுரப்பதே பிந்தித்தான். சோம்பல் என்று நாம் ஏசுகிறோம், அது பிள்ளையின் குற்றமில்லை. கண்ணுக்கு நேரே போன் வெளிச்சம் பட்டால் இன்னும் பிந்தும்.

அதனால் முதல் வேலை, இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன்னுக்கோ தொழுத கையோடோ முடித்துவிடுங்கள். எட்டரைக்கு எல்லாப் போனும் உம்மாவின் அறையில், வாப்பாவின் போனும் சேர்த்துத்தான். இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சை ரஸூலுல்லாஹ் விரும்பவில்லை என்று பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அதை வீட்டில் நடத்திக் காட்ட இது நல்ல சந்தர்ப்பம். டியூஷன் வாத்தியாரிடம் பேசி வகுப்பை மஃரிபுக்கு முன்னால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நாலு தாய்மார் சேர்ந்து கேட்டால் மாற்றுவார்கள். பாடசாலை விட்டு வந்து ளுஹர் தொழுது சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் கைலூலா தூங்கவிடுங்கள். அதற்கு மேல் தூங்கவிட்டால் இரவுத் தூக்கம் கெடும்.

இருட்டில் பிள்ளையை அனுப்புவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்று நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருஷம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. “பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்காமல் எங்கட மூத்தம்மா எந்த வேலையும் செய்ய மாட்டா. தை மாதத்தில் வீட்டை விட்டு இறங்கும்போது விடிந்திருக்காது. பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்குப் போகிறார்கள் என்ற பெற்றோரின் குறை, பழைய நேரத்துக்குத் திரும்பச் சொன்ன காரணங்களில் ஒன்று.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2023இல் இந்தோனேசியாவின் கூபாங் நகரில் பத்து உயர்நிலைப் பாடசாலைகளில் 12ஆம் தரப் பிள்ளைகளுக்குக் காலை ஐந்தரைக்கே வகுப்பு தொடங்கினார்கள். ஒழுக்கம் வளரும் என்று ஆளுநர் கொண்டுவந்த திட்டம். தாய்மார் சொன்னது நம்ம வாட்ஸ்அப் குழுவில் வந்த அதே பேச்சு: தெருவில் இருட்டு, வாகனம் கிடைப்பதில்லை, பிள்ளை வீட்டுக்கு வந்ததும் செத்த மாதிரிப் படுக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கு நேர் எதிராக, உயர்நிலைப் பாடசாலைகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாதென்று 2019இல் சட்டம் போட்டு, 2022 ஜூலையிலிருந்து நடத்துகிறார்கள். நம்ம வெயிலுக்கு எட்டரை ஒத்துவராது. பிள்ளையின் தூக்கத்தையும் ஒரு விஷயமாக எடுத்து அங்கே சட்டசபை வரைக்கும் பேசியிருக்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இனி வயிறு. மகள் மயங்கிய அன்று காலை என்ன சாப்பிட்டாள் என்று யோசித்தேன். கண்ணாடிக்கு முன்னால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பர்தாவைச் சரிசெய்கிறாள். வாயில் இரண்டு குண்டூசி. ஊசி வாயில் இருக்கிறபடியால் நான் சொதியில் நனைத்து நீட்டிய இடியப்பத்தை வாங்க முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு ஆட்டோ ஹோன் அடித்தது. அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு போனாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கட வீட்டில் பர்தா கட்டுவதற்கு முன்னால் சாப்பாடு. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு ஒரு சதமும் போகவில்லை. இடியப்பம் பிழிய நேரமில்லாத நாளுக்கு இரவே பயறு ஊறப் போடுங்கள். காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவும் ஒரு துளி உப்பும் போட்டால் இருபது நிமிஷ வேலை. அவித்த முட்டையும் வாழைப்பழமும் நல்லது. பழஞ்சோற்றில் வெங்காயமும் தயிரும் போட்டுக் கரைத்துக் கொடுத்தால் மத்தியானம் வரை தாங்கும். பிளேன்டியும் ரஸ்க்கும் சாப்பாடு இல்லை, அதை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். 2022இல் சாமான் விலை ஏறி வீடுகளில் அடுப்பெரியாத நாட்களில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்ற செய்தி நாட்டின் பல பக்கத்திலிருந்தும் வந்தது. இப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சாப்பிடாமல் போகிறதென்று தெரிந்தால் ஒரு பார்சல் கூடுதலாகக் கட்டுங்கள். பிள்ளைகளே கொண்டுபோய் சத்தமில்லாமல் கொடுப்பார்கள்.

காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டே இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம கரையில் சூரியன் கடலிலிருந்து நேரே முகத்துக்கு வருகிறது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஏழரைக்கே வெயில் சுடும். அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது குறையும். சாப்பிடாத பிள்ளை முதலில் விழும். வரிசையில் நிற்கும்போது சப்பாத்துக்குள்ளே கால்விரலை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுங்கள். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தட்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்கக் கூடாது. கண் இருண்டால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே உட்காரட்டும். மயங்கின பிள்ளையை நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், முழு நினைவு வரும் வரை வாயில் தண்ணி ஊற்றக் கூடாது. மாணவத் தலைவியாக இருக்கும் மகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் முதலில் ஓடிவருகிறவர்கள்.

மாதவிடாய் நாளிலும், கழா நோன்பு பிடிக்கிற நாளிலும் மகளை வெயிலில் நிறுத்த வேண்டாமென்று வகுப்பாசிரியைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை, “இன்று உடல்நலம் சரியில்லை” போதும். ரமழானில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. மற்றப் பாடசாலைகளில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இல்லை. அங்கே நோன்பு மாதத்துக் காலை உடற்பயிற்சியைப் பற்றி முன்கூட்டியே பேசிவையுங்கள்.

ரோட்டு விஷயத்தில் சுருக்கமாக: விடியுமுன் ஏ4 வீதியில் தூர பஸ்ஸும் பாரவாகனமும் வேகமாக வரும். பையின் பின்பக்கம் வெளிச்சத்தில் மின்னும் பட்டி ஒன்று தைத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும் மகளின் ஷாலும் ஹபாயா முனையும் சில்லில் சிக்காமல் ஒதுக்கிக் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். வாப்பா ஊரில் இல்லாத வீடுகள் நாலு சேர்ந்து, நம்பிக்கையான ஒரு ஆட்டோவை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சொன்னதால் பாடசாலையின் புதுப் பழக்கம் எல்லாம் வேண்டாமென்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வாசிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் 1988இல் சிபா மாகாணத்து மகளிர் பாடசாலை ஒன்றில் தொடங்கிய காலை வாசிப்பு, பத்தே பத்து நிமிஷம்தான். பிள்ளை விரும்பின புத்தகம், பரீட்சை இல்லை, குறிப்பு எழுதத் தேவையில்லை. அது நாடு முழுக்கப் பரவியது. பத்து நிமிஷம் போதுமென்றால் ஆறரைக்கு எதற்கு வர வேண்டும்? மகன் வகுப்புக் கூட்டுவதை வேண்டாமென்கிற வாப்பாமாருக்கும் ஒரு சொல்: கூட்டட்டும். வாடை மழையில் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் தேங்கும் தண்ணியில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகிறது. அதைக் கவிழ்த்துவிடப் பழகின பையன் நாளைக்கு வீட்டிலும் கவிழ்ப்பான். மலசலகூடம் கழுவுவதைத் தண்டனையாகக் கொடுத்தால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

கேட்கிற முறை முக்கியம். பிள்ளைக்கு முன்னால் டீச்சரைக் குறை சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர். அதற்கும் மேல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, கல்முனை வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. நாங்கள் பதினொரு தாய்மார் ஒரு கடிதம் எழுதினோம். நாலு கேள்விதான்: இது கட்டாயமா, விருப்பமா? எத்தனை மாதத்துக்கு? ஆறரைக்குக் கேட்டடியில் பொறுப்பாக நிற்கிறவர் யார்? அந்த நேரம் மலசலகூடமும் குடிதண்ணியும் திறந்திருக்குமா? கோபமாக ஒரு வரியும் எழுதவில்லை. கடைசியில், காலைக் கூட்டத்தை மர நிழலுக்கு மாற்ற முடியுமா என்று ஒரு வேண்டுகோள்.

பிந்தி வந்த பிள்ளைக்கு அடித்தாலோ வெயிலில் முழங்காலில் நிறுத்தினாலோ பொறுத்துப் போகத் தேவையில்லை. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை போனில் பதிந்து வையுங்கள்.

எங்கட கடிதத்துக்கு அதிபர் கூட்டம் வைத்தார். வாசிப்பு இப்போது ஏழே காலுக்கு, பதினைந்து நிமிஷம். உடற்பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். காலைக் கூட்டம் வேம்படி நிழலில். அதிபர் வைத்த அந்தக் கூட்டத்துக்கு வந்த இருபத்தாறு பேரில் வாப்பாமார் மூன்று பேர்தான். அடுத்த கூட்டத்துக்கு உங்கட வீட்டு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், தங்கச்சி.