பயோடைனமிக் ஒயின்: கொம்பா, உழைப்பா?

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் சாவெனியேர் என்றோர் ஊர். அங்குள்ள சரிவில் ஏறத்தாழ ஏழு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம்: குலே த செரான். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் துறவிகள் கொடி நட்ட இடம் அது. 1962 முதல் ஜோலி குடும்பத்தின் கையில் இருக்கிறது. வங்கி வேலையை விட்டு ஊர் திரும்பிய நிக்கோலா ஜோலி, முதலில் களைக்கொல்லிதான் அடித்தார். இரண்டே ஆண்டில் மண்ணின் நிறம் மாறியது. பொறிவண்டுகள் காணாமல் போயின. 1984இல் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் முறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் மகள் விர்ஜினியும் சேர்ந்துகொண்டார்.

நம்பிக்கை: மாட்டுக்கொம்பும் நிலவின் நாளும்தான் ஒயினை உயர்த்துகின்றன.

1924இல் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் ஆற்றிய உரைகளில் பிறந்தது பயோடைனமிக் முறை. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைப்பார்கள். வசந்தத்தில் தோண்டியெடுத்து, ஒரு மணி நேரம் நீரில் சுழற்றிக் கலக்கித் தெளிப்பார்கள். நம் இயற்கை உழவர்கள் கொம்பு சாண உரம் என்பதும் இதைத்தான். ஹெக்டேருக்கு 100 கிராம் அளவில் போடும் சாணத்தால் மண்ணுக்குப் பெரிதாக ஊட்டம் சேராது. கலிஃபோர்னியாவின் மெர்லோ திராட்சைத் தோட்டமொன்றில் பயோடைனமிக் பகுதியையும் சாதாரண இயற்கை வேளாண்மைப் பகுதியையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. மண்ணின் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. பழத்தில் மட்டும் ஓராண்டு சிறிது தெரிந்தது.

அப்படியானால் இம்முறையில் பயிரிடும் குடும்பங்களின் உழைப்பு வீணா? இல்லவே இல்லை. களைக்கொல்லி இல்லை, கம்போஸ்ட் உண்டு, கொடிகளுக்கிடையே புல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை வேலைக்காகத் தோட்டக்காரர் தினமும் கொடியருகே நிற்கிறார். இலையில் முதல் புள்ளி விழுவதை அவர் கண்தான் முதலில் பார்க்கிறது. என் மதிப்பெல்லாம் அந்தக் கண்ணுக்குத்தான்.

நம்பிக்கை: மருந்தே தெளிப்பதில்லை.

தெளிக்கிறார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1880களிலிருந்து இருக்கிறது. மயில்துத்தத்தில் உள்ள தாமிரத்துக்குப் பயோடைனமிக் தோட்டத்திலும் அனுமதி உண்டு. தாமிரம் மட்கிப் போகாது, மண்ணிலேயே தங்கும், மிகுந்தால் மண்புழுவைப் பாதிக்கும். அதனால்தான் ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது.

நம்பிக்கை: நேச்சுரல் ஒயினில் சல்பைட் இல்லை, ஆகவே தலை வலிக்காது.

பயோடைனமிக் என்பது முதன்மையாக நிலத்தைப் பற்றியது. நேச்சுரல் என்பது நொதிக்கும் தொட்டியைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஒயின் கெடாமலிருக்கச் சல்பைட்டை யாரும் சேர்க்காவிட்டாலும் நொதித்தலின்போது ஈஸ்ட்டே சிறிது உண்டாக்கும். பிரான்சில் 2020இல் வந்த நேச்சுரல் முத்திரைகூட லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை சல்பைட்டை ஏற்கிறது. உலர்ந்த ஆப்ரிகாட்டில் ஒயினைவிடப் பன்மடங்கு சல்பைட் இருக்கலாம்; அதைத் தின்று தலைவலி என்று சொல்பவர் அரிது. தலைவலிக்குக் காரணம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹாலை. ஜோலி குடும்பத்தின் ஒயினில் அது பல ஆண்டுகளில் 14 விழுக்காட்டைத் தொடுகிறது.