யாருக்கெல்லாம் நன்றி?

கேள்வி: என் மகளின் இதய ஓட்டையை முதலமைச்சர் காப்பீட்டில் செலவில்லாமல் அடைத்தார்கள். டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டேன். வேறு யாருக்குச் சொல்ல வேண்டும்?
- ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: பட்டியல் நீளம், அம்மா. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் லில்லிஹை இப்படிப்பட்ட ஓட்டையை அடைக்கத் துணிந்தபோது, நம்பி இறங்க இதய-நுரையீரல் இயந்திரம் கிடையாது. குழந்தையின் அப்பாவைப் பக்கத்தில் படுக்கவைத்து, இருவரின் ரத்தக்குழாய்களையும் டியூப் வழியே இணைத்தார். பிள்ளைக்கும் சேர்த்து அப்பாவின் இதயம் துடித்தது. அந்த முதல் குழந்தை சில நாளில் இறந்துபோனது. இந்த முறையில் 45 பேருக்கு அறுவை நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். வெறுங்கையோடு திரும்பிய பெற்றோருக்குத்தான் நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்பேன்.

அங்கே இதய மருத்துவமனை கட்டப் பணம் திரட்டியது சினிமா, நாடகக்காரர்களின் வெரைட்டி கிளப். சினிமாக்காரர்களைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்!

உங்கள் மகளுக்கு ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவர் யாரென்று தெரியப்போவதில்லை. எனவே வீட்டில் உடல்நலமுள்ள பெரியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனை ரத்த வங்கியில் விசாரித்து ரத்தம் கொடுங்கள். இன்னொன்று, மகள் நன்றாக ஓடியாடுகிறாளே என்று ரிவ்யூவை விட்டுவிடாதீர்கள். அறுவை செய்த பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ரிவ்யூவில் எழுதிவைக்கும் குறிப்புகளிலிருந்துதான் அறிகிறார்கள். எக்கோ ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஃபைலில் வைத்து, சொன்ன நாளில் கூட்டிப்போங்கள்.