ஆங்கிலம் படிப்போம்: "நொட் மை கப் ஒஃப் டீ"

தோட்டத்துப் பெற்றோரே, பிள்ளைகளே!

1867ஆம் ஆண்டு ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொடங்கி கொழுந்து பறிப்பது நம் கை. அதைக் குடித்துப் பழகிய ஆங்கிலேயர் தேத்தண்ணியை வைத்தே பல பேச்சுவழக்குகளை உண்டாக்கிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றை இன்று படிப்போம்.

"நொட் மை கப் ஒஃப் டீ." சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'என் தேத்தண்ணிக் கோப்பை இல்லை' என்று வரும். இதன் உண்மையான பொருள்: 'அது எனக்குப் பிடித்தமானது இல்லை.' ஒருவருக்குப் பால் வேண்டும், இன்னொருவருக்கு பிளேன்டீ போதும். விருப்பம் ஆளுக்கு ஆள் வேறுதானே? அப்படி நினைத்தால் மனதில் நிற்கும்.

பல்லேகல மைதானத்தில் மெச் நடக்கிறது. கூட்டாளி கூப்பிடுகிறார். உங்களுக்கு விருப்பம் இல்லை. "சொறி, கிரிக்கெட் இஸ் நொட் மை கப் ஒஃப் டீ" என்று சொல்லலாம். மனம் நோகாமல் மறுக்கும் மரியாதையான பேச்சு இது.

இனிக் கவனியுங்கள். 'எனக்கு இது வராதுங்க, என்னால முடியாதுங்க' என்பதற்கும் நம்மில் பலர் இதையே சொல்கிறார்கள். அது பிழை. இந்தப் பேச்சு விருப்பத்தைக் காட்டும், திறமையைக் காட்டாது.

பல்லேகல கைத்தொழில் பேட்டையில் ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று வைத்துக்கொள்வோம். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். "நொட் மை கப் ஒஃப் டீ" என்று பிள்ளை சொன்னால், கேட்பவருக்கு 'இந்த வேலையில் எனக்கு விருப்பம் இல்லை' என்றுதான் விளங்கும். தெரியாததைக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. விருப்பம் இல்லாதவருக்கு யார் வேலை கொடுப்பார்?

அந்த இடத்தில், "ஐ டோன்ட் நோ இட் வெல், பட் ஐ வில் லேர்ன்" என்று சொல்லப் பழக்குங்கள். 'நன்றாகத் தெரியாது, ஆனால் படித்துக்கொள்வேன்' என்பது இதன் பொருள்.

பயிற்சி: எந்த இடத்தில் இந்தப் பேச்சு பொருந்தும்?

1. கருவாட்டுக் கறி பிடிக்காது.
2. நீந்தத் தெரியாது.
3. சண்டைப் படம் பார்க்க விருப்பம் இல்லை.
4. கணக்குப் பாடம் விளங்கவில்லை.

விடை: 1, 3 பொருந்தும். 2, 4 பொருந்தாது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.